பின்பாரம்

என் வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு என் தங்கையின் உயிரில் பாதியை எடுத்தது அந்த வாய்தான். மீதிப் பாதியை என் கை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தது.

நானும் என் வீட்டுக்காரரும் ஹெல்மெட்டிலும் தொப்பியிலும் லைட் பொருத்துகிற வேலை செய்கிறவர்கள். லைட்டும் நாங்கள் செய்வதில்லை, ஹெல்மெட்டும் செய்வதில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பட்டை, கிளிப், கொக்கி, வயர் போகிற வழி, அவ்வளவுதான் எங்கள் பிழைப்பு. இதுக்குப் போய் ஒரு பட்டறையா என்று கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. அப்படிச் சிரிக்கிறவர் தலையில் அரைக் கிலோ லைட்டை முன்பக்கமாக மாட்டி, ஒரு மணி நேரம் குனிந்து வேலை செய்யச் சொன்னால் தெரியும். கழுத்து முதலில் கெஞ்சும், அப்புறம் அழும்.

என் தங்கையின் கழுத்து மூன்று வருடமாக அழுதுகொண்டிருந்தது. அவள் குடிநீர்க் குழாய் ஆய்வாளர். ஆள் ஒல்லி, அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவள் குச்சி. தண்ணீரை நிறுத்திக் காய வைத்த பெரிய குழாய்களுக்குள் குப்புறப் படுத்து ஊர்ந்துபோய், இணைப்புகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. தோள் உரசுகிற அகலம்தான் இருக்கும். கையை முன்னால் நீட்டிக்கொண்டு போனால் போனதுதான், மடக்கிப் பின்னால் கொண்டுவர இடம் கிடையாது. உள்ளே வந்த வழியைப் பார்த்துத் திரும்பவும் முடியாது. போகும்போது தலை முன்னால் போகும், வரும்போது கால் முன்னால் வரும். இடுப்பில் கட்டிய கயிற்றை வெளியே ஒருவர் பிடித்திருப்பார். உள்ளிருந்து காலால் கயிற்றை ஒரு முறை சுண்டினால் நிறுத்து என்று அர்த்தம், இரண்டு முறை சுண்டினால் இழு.

ஞாயிற்றுக்கிழமைகளில் கழுத்தில் தைலம் மணக்க வந்து உட்காருவாள். ஊருக்கெல்லாம் செய்கிறாய், கூடப் பிறந்தவளுக்கு ஒன்று செய்ய உனக்கு மனசு வரவில்லையே என்று குத்திக் காட்டுவாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். நீ என்ன இரும்புக் கழுத்தா வாங்கி வந்திருக்கிறாய், முதலில் நன்றாகச் சாப்பிடு என்று திட்டி அனுப்புவேன். திட்டிவிட்டு அன்று ராத்திரியே காகிதத்தில் வரைய ஆரம்பித்தேன் என்பது அவளுக்குத் தெரியாது.

நான் செய்தது இதுதான். லைட்டிலிருந்து பேட்டரியைப் பிரித்து, அதை ஒரு சின்னப் பெட்டியில் போட்டு ஹெல்மெட்டின் பின்புறம் ஏற்றினேன். முன்னால் இழுக்கிற பாரத்தைப் பின்னால் ஒரு பாரம் பிடித்துக்கொள்ளும். எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, கடைசியில் ஹெல்மெட்டை ஆள்காட்டி விரலில் நிறுத்திப் பார்த்தேன். எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன், பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன், பால் போட வந்தவருக்கும் காட்டினேன்.

தாடைக்குக் கீழே கொக்கி உறுத்துகிறது என்று குச்சி சொல்லியிருந்தாள். அதையும் எடுத்துவிட்டேன். பட்டை மட்டும் தாடைக்கடியில் வழவழவென்று போகும், கொக்கி பின்கழுத்தில், பேட்டரிப் பெட்டிக்கு அடியில் இருக்கும். கொக்கியில் மண் படக்கூடாது என்று பெட்டியின் கீழ் விளிம்பைக் கொஞ்சம் வெளியே நீட்டி, சதுரமாக வெட்டினேன். மேல் விளிம்பைச் சரிவாக இழைத்தேன், குழாயின் மேற்பக்கத்தில் இடிக்காமல் வழுக்கிப் போகட்டும் என்று. ஒவ்வொன்றும் அவள் சுகத்துக்காகச் செய்தது. பட்டையில் இருபது கிலோ எடைக் கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தோம், அறவில்லை. போட்டுக்கொண்டு ஓடிப் பார்த்தோம், குதித்துப் பார்த்தோம், மேடுபள்ளத்தில் வண்டி ஓட்டிப் பார்த்தோம். குப்புறப் படுத்துப் பார்க்கவில்லை.

அந்த வியாழக்கிழமை காலையில் குச்சி முதல் முறையாக அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். பத்தரை மணிக்கு உள்ளே இறங்குகிறேன் என்று போனில் சொன்னாள். சரி, பார்த்துப் போ என்றேன். பட்டறையில் எங்களுக்கு அன்றாட வேலை ஓடியது. வீட்டுக்காரர் அதே மாதிரி செய்த இன்னொரு ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு வேலை செய்தார். பார்க்கிற இடத்தில் வெளிச்சம் விழுகிறது, சொகுசாக இருக்கிறது என்றார். சின்ன ஸ்பிரிங் ஒன்று அவர் கையிலிருந்து தெறித்து, மேஜைக்கு அடியில் இருந்த மரப்பெட்டிகளுக்கு நடுவே ஓடிவிட்டது. மனிதர் குப்புறப் படுத்து, கையை நீட்டி, தவளை மாதிரி உள்ளே போனார்.

ஸ்பிரிங் கிடைத்துவிட்டது. மனிதர்தான் வெளியே வரவில்லை. என்ன அங்கேயே தூங்கிவிட்டீர்களா என்று கேட்டேன். பின்னால் வர முடியவில்லை, எதுவோ பிடித்துக்கொண்டது என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயிற்றைக் குறையுங்கள் என்று எத்தனை நாளாகச் சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டே காலைப் பிடித்து இழுத்தேன். அவர் கத்திய கத்தலில் கையை விட்டுவிட்டேன். கழுத்து, கழுத்து என்றார். கொக்கியைக் கழற்றுங்கள் என்றேன். கை முன்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது, பின்கழுத்துக்கு எப்படிப் போகும் என்றார்.

நான் தரையில் கன்னம் படப் படுத்துப் பார்த்தேன். மேஜையின் குறுக்குச் சட்டத்தில் பேட்டரிப் பெட்டியின் சதுர விளிம்பு மாட்டியிருந்தது. உள்ளே போகும்போது சரிவான பக்கம் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. திரும்பி வரும்போது சதுரப் பக்கம் தூண்டில் முள் மாதிரிப் பிடித்துக்கொண்டது. நான் இழுத்த இழுப்பில் தாடைப் பட்டை சறுக்கித் தொண்டைக்கு வந்திருந்தது. கையை விட்டுத் துழாவிக் கொக்கியைக் கழற்றினேன். அவர் வெளியே வந்து உட்கார்ந்து, இருமி, தொண்டையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்தோம்.

பதினொன்றேகால். குச்சி உள்ளே போய் முக்கால் மணி நேரம்.

குழாய்க்குள் போன் எடுக்காது. வெளியே நிற்கிற சூப்பர்வைசரின் எண் என்னிடம் இருந்தது, போன மாதம் பட்டறைக்கு வந்து எங்கள் வேலையைப் பார்த்துவிட்டுப் போனவர் அவர். அவசரத்தில் இரண்டு முறை தப்பான பெயரை அழுத்தினேன். மூன்றாவது முறை எடுத்தார். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. என் தங்கை வெளியே வந்துவிட்டாளா என்று கேட்டேன். இன்னும் இல்லை, ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது, என்ன செய்யலாம் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்.

“இழுக்காதீங்க!” என்று கத்தினேன். “சார், இழுக்காதீங்க!”

அவர் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. என்னம்மா, என்ன சொல்றீங்க என்றார். மறுபடியும் அதையே, இன்னும் உரக்கக் கத்தினேன். சரி சரி என்றார். அப்புறம் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, தன் ஆட்களிடம் திரும்பிச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“இழுங்கப்பா. அவங்க அக்காதான், இழுங்கன்னு சொல்றாங்க.”

அத்தோடு போன் நின்றுவிட்டது.

பிறந்ததிலிருந்து பேசுகிற மொழி எனக்கு இது. அதில் வேண்டாம் என்கிற பகுதி சொல்லின் நடுவயிற்றில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நடுவில் ஒரு துண்டு காற்றில் போனால் போதும், செய்யாதே என்பது செய் என்று ஆகிவிடுகிறது. நிறுத்துங்க என்று சொல்லியிருக்கலாம். விடுங்க என்று சொல்லியிருக்கலாம். ஆயிரம் சொல் இருக்கும்போது அந்த ஒன்றைத்தான் என் வாய் எடுத்துக் கொடுத்தது.

திரும்பத் திரும்ப அடித்தேன். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் வேனை எடுத்தார். இருபது நிமிட வழி. அவர் அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை, ஆனாலும் வண்டி நகராமல் நிற்பது போலவே எனக்குத் தோன்றியது. இழுக்க வேண்டாம் என்று செய்தி அனுப்பினேன், போய்ச் சேரவில்லை. என் தொண்டையில் நானே கையை வைத்து அழுத்திப் பார்த்தேன், எவ்வளவு அழுத்தினால் மூச்சு நிற்கிறது என்று. பைத்தியக்காரி மாதிரி என்ன செய்கிறாய், கையை எடு என்று அவர் அதட்டினார். பட்டை அறுந்துவிடட்டும், அறுந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அறாது என்றும் எனக்குத் தெரியும். இருபது கிலோவைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தவள் நான்.

சாலையோரம் வெட்டிய பள்ளம், அதைச் சுற்றி மஞ்சள் நாடா, உள்ளே குழாயின் திறந்த வாய். வண்டி நிற்பதற்கு முன்பே குதித்தேன். சூப்பர்வைசர் பள்ளத்தின் விளிம்பில் நின்று கத்திக்கொண்டிருந்தார். கீழே கயிற்றுக்காரர், தடித்த ஆள், நரைத்த மீசை, கயிற்றைத் தளர்வாக மடியில் போட்டுக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கூட இருந்த இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

நான் இறங்கியதும் சூப்பர்வைசர் என்னிடமே முறையிட்டார். நீங்களே இழுக்கச் சொன்னீர்கள், இந்த ஆள் ஒரு தடவை இழுத்துவிட்டு மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார், நான் சொல்வதைக் கேட்க மாட்டேன் என்கிறார் என்றார். கயிற்றுக்காரர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“மண்ணுல மாட்டினா கயிறு கொஞ்சம் கொடுக்கும்மா. இது கொடுக்கல. உடம்புல மாட்டியிருக்கு.”

அந்த மனிதரின் காலில் விழாத குறைதான். ஆனால் அந்த முதல் இழுப்பு எவ்வளவு பலமாக இருந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. முதலில் உள்ளிருந்து குரல் கேட்டது, இழுத்த பிறகு குரல் இல்லை, கால் மணி நேரமாக எதுவும் இல்லை என்று அவர்களாகவே சொன்னார்கள். ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் சொல்லியாயிற்றாம், இன்னும் வரவில்லை.

குழாயின் வாயில் தலையை நுழைத்தேன். இரும்பின் வாடையும் ஈரமும் முகத்தில் அடித்தன. தூரத்தில் அவள் காலணியின் அடிப்பாகம் இரண்டும் தெரிந்தன. அதற்கும் அப்பால், நான் பொருத்திய லைட்டின் வெளிச்சம் குழாயின் தரையில் அசையாமல் விழுந்து கிடந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். குச்சி என்று கூப்பிட்டேன். என் குரல் உள்ளே போய்ச் சிதறி, எனக்கே புரியாத ஓசையாகத் திரும்பி வந்தது. செத்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்படியே அந்தச் சொல்லோடுதான் நினைத்தேன், மறைக்க விரும்பவில்லை.

அப்போது டக் என்று ஒரு சத்தம். காலணியின் நுனி குழாயில் தட்டியது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டக். இருக்கிறாள். பட்டை தொண்டையில் இருக்கிறது, அதனால் பேச முடியவில்லை, ஆனால் இருக்கிறாள்.

என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. ஏதோ ஓர் இணைப்பில் வெளிப்பக்கக் குழாய் கொஞ்சம் கீழே அமிழ்ந்திருக்கிறது, அதன் மேல் உதடு தொங்குகிறது, என் சதுர விளிம்பு அதில் மாட்டியிருக்கிறது. உதடு மேலேதான் நீளமாக இருக்கும், பக்கவாட்டில் அநேகமாக இருக்காது. அவள் கொஞ்சம் முன்னால் போய், உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு வந்தால் பெட்டி தப்பிவிடும். பின்னந்தலையில் எது மாட்டியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நான் அதைச் சொல்ல வேண்டும். அந்தக் குழாய் வழியாக, ஒரு துண்டு போனாலும் அர்த்தம் கெடாத சொல்லில் சொல்ல வேண்டும்.

கயிற்றை முழுக்கத் தளர்த்தச் சொன்னேன். முன்னால் போ, முன்னால் போ என்று கத்தினேன். காலணிகள் மெல்ல ஒரு சாண் தள்ளிப்போயின. இருமல் சத்தம் கேட்டது. மூச்சு வருகிறது. அப்புறம் பக்கவாட்டில் திரும்பு என்றேன். அதில் நடுத்துண்டு மட்டும் மிஞ்சி, ஆட்டு, ஆட்டு என்று எதிரொலித்தது. அவள் காலை ஆட்டினாள். இல்லை, இல்லை என்று கத்தினேன். அந்த இல்லையும் என்னவாகப் போய்ச் சேர்ந்ததோ, பயந்துபோய்ப் பின்னால் வர ஆரம்பித்தாள். பெட்டி மறுபடி உதட்டில் மோதுகிற சத்தம் குழாய் முழுக்க வந்தது. வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் பேசப் பயந்தது அப்போதுதான்.

சின்ன வயதில் எங்கள் இருவருக்கும் ஒரே கட்டில். இரண்டு பேர் மல்லாந்து படுத்தால் ஒருத்தி விழுவாள், பெரும்பாலும் நான்தான் விழுவேன். ராத்திரி எத்தனை முறை அவளை இடித்து, எழுப்பி, அதட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை. கண்ணைத் திறக்காமலே அவள் திரும்பிவிடுவாள். அந்த அதட்டல் இப்போது நான் தேடாமலே வந்தது. அன்பாகச் சொல்லவில்லை, எரிச்சலாகத்தான் சொன்னேன்.

“ஒருக்களிச்சுப் படுடி!”

ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை, அதே எரிச்சலோடு, “ஒருக்களிச்சுப் படுடி, எனக்கு இடமில்ல!” என்று கத்தினேன். சூப்பர்வைசர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

தரையில் கிடந்த வெளிச்சம் நகர்ந்தது. மெதுவாகச் சுவரில் ஏறி, வலது பக்கத்தில் போய் நின்றது. காலணிகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டன. பிறகு கயிற்றுக்காரரின் மடியில் கயிறு இரண்டு முறை சுண்டியது.

அவர் என்னைப் பார்த்தார். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் விரல் விரலாக இழுத்தார். ஏதாவது தடுத்தால் விடுவதற்குக் கை தயாராக இருந்தது. இணைப்பைத் தாண்டும்போது பெட்டி இரும்பில் உரசுகிற ஓசை வந்தது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். உரசிக்கொண்டே வந்துவிட்டது. கால், இடுப்பு, தோள், கடைசியாக நான் செய்த அந்தச் சனியன் பிடித்த ஹெல்மெட். வீட்டுக்காரர் பட்டையைக் கத்தியால் அறுத்தார்.

அவள் கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு ரத்தம் கன்றிய கோடு இருந்தது. கண்ணின் வெள்ளையில் சிவப்புத் திட்டுகள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், திட்டினேன், மறுபடி அழுதேன். கழுத்து வலித்தால் வேறு வேலை பார்க்க வேண்டியதுதானே, உன்னை யார் குழாய்க்குள் போகச் சொன்னது, என்னிடம் ஏன் கேட்டாய் என்று என்னென்னவோ உளறினேன். அவள் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. என் தங்கை எனக்குக் கிடைத்துவிட்டாள். உலகத்தில் வேறு எதுவும் அப்போது எனக்குத் தேவைப்படவில்லை.

அவள் என் கையை விலக்கிவிட்டு, அறுந்து கிடந்த ஹெல்மெட்டை எடுத்தாள். பின்பக்கம் திருப்பி, பெட்டியின் சதுர விளிம்பைக் கட்டைவிரலால் தடவினாள். இரும்புத் துரு அதில் ஒட்டியிருந்தது. தடவியபடியே, காற்றாக வந்த குரலில் கேட்டாள்.

“இந்த மாதிரி இன்னும் எத்தனை கொடுத்திருக்க?”

நான் சூப்பர்வைசரைப் பார்த்தேன். பதினொன்று. நேற்றுச் சாயங்காலம்தான் பெட்டியில் அடுக்கி அவரிடம் கொடுத்தேன். காலையில் எல்லாக் குழுவுக்கும் பிரித்து அனுப்பிவிட்டேன் என்றார் அவர். காலையிலிருந்து அத்தனை தூரம் வந்து, அத்தனை அழுது, அந்தப் பதினொன்று ஒரு முறைகூட என் நினைப்பில் வரவில்லை. அந்தப் பதினொரு பேருக்கும் அக்காவோ அம்மாவோ பெண்டாட்டியோ இருப்பார்கள், அவர்களில் ஒருத்தருக்கும் மேஜைக்கடியில் ஸ்பிரிங் விழுந்திருக்காது.

வேனில் உட்கார்ந்து சூப்பர்வைசரின் பட்டியலைப் பார்த்துப் பார்த்து அடித்தோம். இடுப்புக் கயிற்றை அவிழ்க்காமலே குச்சி என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகக் காட்டினாள், ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கூப்பிட்டும் இறங்கவில்லை. மூன்று பேர் இன்னும் போட்டே பார்க்கவில்லை. நான்கு பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் வெளியே வேலை செய்துகொண்டிருந்தார்கள், கழற்றிவிட்டார்கள். கடைசி எண்ணை ஒரு பெண் எடுத்தாள். பின்னால் காற்று இரைந்தது. புது ஹெல்மெட் போட்டவர் எங்கே என்று கேட்டேன்.

“உள்ள இருக்காரு. இப்பதான் ரெண்டு சுண்டு சுண்டினாரு, இழுத்துட்டு இருக்கோம்.”

“நிறுத்துங்க” என்றேன்.

“ஹலோ?” என்றாள் அவள்.